மின்விசிறி வரை வீட்டுக்காரர் கை: 45ஆவது விதியும் பாலக்காட்டுக் குளிரூட்டியும்

வீட்டில் எதைத் தானே மாட்டலாம், எதற்கு ஆள் அழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் ஒரு விடை உண்டு. நுகர்வோர் வளாகத்தில் மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றது 45ஆவது விதி. விளக்கு, மின்விசிறி, உருகி, சுவிட்ச், குறைமின்னழுத்த வீட்டுச் சாதனம் ஆகியவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு. அதுவும் மின்னமைப்பின் திறனோ தன்மையோ மாறாதவரை. இந்த நிபந்தனையில்தான் குளிரூட்டி சிக்குகிறது. 1.5 டன் குளிரூட்டி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 20 மின்விசிறிகளுடையது. அதைப் புதிதாக மாட்டுவது சாதனம் மாற்றுவதன்று, மின்னமைப்பையே மாற்றுவது. பின்வந்த 2010, 2023 ஒழுங்குமுறைகளும் இவ்விதியின் சாரத்தைக் கைவிடவில்லை.

விதி வந்த ஆண்டிலேதான் கேரளமும் பிறந்தது. அதுவரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலம்புழா அணையை 1955இல் திறந்துவைத்தவர் சென்னை முதலமைச்சர் காமராசர். இன்றைய இடுக்கியின் மலைப்பகுதியோ திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே மூணாற்றில் கண்ணன் தேவன் நிறுவனம் 1906இல் தன் தேவைக்கென நீர்மின் நிலையம் அமைத்தது. அரசின் பள்ளிவாசல் நிலையம் 1940இல்தான் இயங்கத் தொடங்கியது. 1976இல் இடுக்கித் திட்டம் தொடங்கப்பட்டது. குளிரூட்டியே வேண்டாத உயர்மலைகளில் பிறக்கும் மின்சாரத்தின் ஒரு பங்கு, கணவாய்வாயில் வேகும் ஊர்களின் படுக்கையறைகளைக் குளிர்விக்கிறது. 2024 மே தொடக்கத்தில் பாலக்காட்டு வட்டாரத்தில் இரவு 7 மணி முதல் 1 மணி வரை மின்வாரியம் கட்டுப்பாடு விதித்தபோது, வீட்டுக் குளிரூட்டியை 26 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது.

இவ்வூரில் குளிர்ச்சி முன்பு மாட்டப்படும் பொருளாக இருக்கவில்லை. கல்பாத்தி அக்ரகாரத்தின் திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரை எல்லாம் வீட்டோடு வீடாய் எழுந்தவை. குளிர்ச்சிக்கெனத் தனியே ஒரு வல்லுநரை அழைக்கும் தேவை எழவில்லை. பகல் வெயிலைச் சேமித்து இரவில் உமிழும் தட்டைக் காங்கிரீட் கூரை வந்தபின் அத்தேவையும் வந்தது.

மின்கம்பியைப் பற்றிய எல்லை சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. வாயுவைப் பற்றிய எல்லை பின்னரே, வேறொரு வழியில் வந்தது. ஆர்-22 வாயு புழங்கிய காலத்தில் செப்புக்குழாய்க்குள் இருந்த காற்றை அந்த வாயுவைக்கொண்டே வெளியே தள்ளிவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் அது எளிது. வெளியேறிய வாயு ஓசோனைத் தின்றது. 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. ஓசோனைக் குறைக்கும் பொருள்களுக்கான விதிகள் 2000இல் வந்தன. இன்று பரவியுள்ள ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் மிகுந்த அழுத்தத்தில் இயங்குவது, மெல்லத் தீப்பற்றக்கூடியது; அதனோடு சுற்றும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே வாயுவைத் திறந்துவிடுமுன் வெற்றிடப் பம்பினால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்தாக வேண்டும். ஒரே ஒரு முறை பயன்படுத்த அந்தப் பம்பையும் அளவியையும் விலைக்கு வாங்கும் வீட்டுக்காரர் அரிது. இடம் தேர்வது, சுவரில் துளையிடுவது, தாங்கி பொருத்துவது வரை அவர் கை போகலாம். குழாய் முனையில் அது நின்றுவிட வேண்டும்.

இதனால் கூலிக்கு வருபவர் எல்லாம் வல்லுநர் ஆகிவிடுவதில்லை. வயர்மேனுக்கு நெடுங்காலமாகச் சான்று உண்டு. குளிரூட்டி மெக்கானிக்குகளில் பலர் மூத்த கையாளிடம் உதவியாளராய் நின்று தொழில் கற்றவர்கள். ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றும் என்ற இலக்கை நடுவண் அரசின் குளிர்விப்புச் செயல்திட்டம் வகுத்ததே 2019இல்தான். ஆர்-22 காலத்துப் பழக்கத்தில் வாயுவைப் பீய்ச்சிக் காற்றை விரட்டிவிட்டுப் போனாலும் அறை அன்றைக்குக் குளிரத்தான் செய்யும். கேடு பின்னால் கம்ப்ரசரில் தெரியும். முறையாகச் செய்தால் பம்பு ஓட இருபது நிமிடமாவது பிடிக்கும். ஏப்ரல் வெயிலில் ஒரே நாளில் பல வீடு ஏறி இறங்க வேண்டியவர் முதலில் விட்டுவிடுவது அந்த இருபது நிமிடத்தைத்தான்.