பழமை காத்த கோப்பு

எழுதியதைப் பேணுதல் ஒன்று. பேணியதைப் பிற்காலத்தவர் படிக்க இயலுதல் மற்றொன்று. 1970களில் வானியலாளர் இவ்வேற்றுமையை நன்குணர்ந்தனர். ஒவ்வோர் ஆய்வகமும் வான்படங்களைத் தனக்குரிய முறையிற் காந்த நாடாவில் பதிந்தது. ஓரிடத்து நாடாவைப் படிக்க, மற்றோரிடத்தார் புதிதாக நிரல் எழுத நேர்ந்தது.

1979இல் அமெரிக்க வானியலாளரான டொனால்ட் வெல்ஸ், எரிக் கிறைசன் ஆகியோர் 'ஃபிட்ஸ்' என்னும் பொதுக் கோப்பு முறையை வகுத்தனர். படத்தைப் பற்றிய விவரங்கள் கோப்பின் முகப்பிலேயே, கண்ணாற் படிக்கத்தக்க எழுத்துகளில் நின்றன. வரி ஒன்றுக்கு 80 எழுத்து. அக்காலத் துளையட்டையின் அளவு அதுவே. 1982இல் சர்வதேச வானியற் சங்கம் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

பின்னர் அட்டவணை முதலிய புதியவை பல இதிற் புகுந்தன. ஆயினும், ஒருமுறை விதிப்படி எழுதிய கோப்பு எக்காலத்தும் செல்லுபடியாதல் வேண்டும் என்னும் கோட்பாடு தளரவில்லை. ஆண்டை ஈரிலக்கத்தாற் குறிக்கும் வழக்கம், 2000ஆம் ஆண்டு நெருங்கவே இடர்ப்பட்டது. 1997இல் நான்கு இலக்கம் விதிக்கப்பட்டது. பழைய குறிப்போ தள்ளப்படவில்லை. அது 1900 முதல் 1999 வரையுள்ள ஆண்டுகளையே சுட்டும் எனக் கொள்ளப்பட்டது.

இவ்வுறுதிக்கு விலையும் உண்டு. முகப்பிலுள்ள குறிச்சொல் 8 எழுத்தைக் கடத்தலாகாது என்னும் பழைய கட்டுப்பாடு இன்றும் நீங்கவில்லை. எனினும், வெடித்து மங்கிய விண்மீனை மீண்டும் படம்பிடித்தல் எவர்க்கும் இயலாது. அதன் படம் படிக்க முடியாததாயின், அந்நிகழ்ச்சியே மனிதர் அறிவினின்றும் மறைந்துவிடும். வத்திக்கான் நூலகமும் தன் தொன்மையான கையெழுத்துச் சுவடிகளின் படங்களைப் பேணுதற்கு இம்முறையையே தெரிந்துகொண்டது. புதுமைக்கு இடமளித்தும் பழமையைக் கைவிடாமையே இக்கோப்பின் வலிமையாகும்.