பழைய புத்தகமும் புதிய சட்டமும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்க வந்த மாணவத் தம்பியின் கையில் நாலைந்து தடிமனான சி.ஏ. புத்தகங்கள் இருந்தன. "எதைப் படிக்கிறது, எதை விடுறதுன்னே புரியல சார்" என்று அவரே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் என் சொந்தக் கதை.

நம் நாட்டில் ஆடிட்டருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று முதலில் வரையறுத்தது 1913-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம். 1918-இல் பம்பாய் அரசு ஜி.டி.ஏ. என்னும் கணக்கியல் டிப்ளமோவைத் தொடங்கியது. அதை 1933-இல் தேறியவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர்தான். அந்தக் காலத்து மாணவர்கள் பிக்கிள்ஸ், கார்ட்டர், ஸ்பைசர்-பெக்ளர் போன்ற இங்கிலாந்துப் புத்தகங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பவுன், ஷில்லிங், பென்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆபீஸுக்குப் போய் ரூபாய், அணா, பைசாவில் பேரேடு எழுதினார்கள்!

1949 ஜூலை 1-இல் நமது இன்ஸ்டிடியூட் பிறந்தது. நம்மவர்கள் எழுதிய புத்தகங்களும் பெருகின. பாட்லிபாய், சுக்லா-கிரேவால், குப்தா-ராதாசுவாமி என்று என் தலைமுறைக்குக் கணக்குப் பாடமே ஆசிரியர் பெயர்களாகத்தான் மனப்பாடம். "குப்தா முடிச்சிட்டியா?" என்றுதான் கேட்போம். இவற்றோடு இன்ஸ்டிடியூட்டிலிருந்து தபாலில் வரும் பாடக்கட்டு. முந்தைய தேர்வுகளுக்கான 'சஜெஸ்டட் ஆன்சர்ஸ்' வேறு. பணமில்லாதவர்களுக்கு மதுரை புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடைகள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு சீனியர் அண்ணன்கள்.

அப்படி ஒரு சீனியர் அண்ணனாக நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

1987 மே மாதம் இன்டர் எழுதித் தேறினேன். வருமான வரிக்கு நான் படித்தது 1986-ஆம் வருடப் பதிப்பு ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு, ஓரத்தில் என் குறிப்பு. நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன் ஒருவன், அதே ஆடிட்டர் ஆபீஸில் ஆர்டிகிள்டாகச் சேர்ந்திருந்தான். அப்பா மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. மூன்று தங்கைகள். "அண்ணே, உங்க ராசியான புக்கைக் கொடுங்கண்ணே" என்று கேட்டான். பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன். "இதைத் தாண்டி ஒண்ணும் வராது, தைரியமாப் படி" என்று வேறு சொன்னேன்.

ஆனால் இடையில் சட்டம் மாறிவிட்டது. என் புத்தகப்படி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகத் தேய்மானம் போட வேண்டும்; விற்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் லாப நஷ்டம் பார்க்க வேண்டும். 1988-89 வரிவிதிப்பு ஆண்டிலிருந்து அது போய்விட்டது. ஒரே விகிதத்தில் தேயும் ஒரே வகைச் சொத்துக்களை ஒரு தொகுப்பாக்கி, புதிதாக வாங்கியதைக் கூட்டி, விற்ற தொகையைக் கழித்து, மீதிக்கு மொத்தமாகத் தேய்மானம் போட வேண்டும். சித்திரைக்குச் சித்திரை, தீபாவளிக்குத் தீபாவளி என்று அவரவர் கணக்கு முடித்த வழக்கத்துக்கும் 1989-90 வரிவிதிப்பு ஆண்டு முதல் முடிவு கட்டி, எல்லோருக்கும் மார்ச் 31 என்றாக்கினார்கள். ஆபீஸில் இவை பற்றிய பேச்சு என் காதில் விழத்தான் செய்தது. அவனைக் கூப்பிட்டு, "அந்தப் புக் செல்லாதுடா" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான்தான் பாஸாகிவிட்டேனே!

1988 நவம்பரில் அவன் எழுதினான். தேய்மானக் கணக்கைப் பழைய முறையிலேயே அழகாகப் போட்டிருக்கிறான். வரித் தாளில் 34 மார்க். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்பது விதி. மற்றத் தாள்களில் நன்றாகவே வாங்கியிருந்தும் குரூப்பே போய்விட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "எனக்குத்தான் ராசி இல்லண்ணே" என்றான். ராசியில் என்ன இருக்கிறது? பதிப்பு தப்பு. அதைக்கூட அன்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. மறுபடி எழுத வீட்டில் வசதியில்லை. அப்பா வேலை பார்த்த கடையிலேயே சேர்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு மாணவனுக்கும் நான் சொல்லி வருவது இதுதான். இன்ஸ்டிடியூட் பாடப்புத்தகமே அஸ்திவாரம். அதை முழுக்கப் படியுங்கள். கணக்குப் பழக வெளிப் புத்தகம் ஒன்றே ஒன்று போதும். ஒரே பாடத்துக்கு மூன்று வாங்கினால் மூன்றும் அரைகுறையாகும். சட்டப் பாடத்துக்கு மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, உங்கள் தேர்வுக்கென்று வெளியாகும் 'ரிவிஷன் டெஸ்ட் பேப்பரில்' உள்ள திருத்தங்களை உங்கள் குறிப்பில் உங்கள் கையாலேயே ஏற்றுங்கள். எந்தத் தேர்வுக்கு எந்த நிதிச் சட்டம் பொருந்தும் என்பதை இன்ஸ்டிடியூட் அறிவிக்கிறது. புத்தகத்தின் விலையைப் பார்க்கும் முன் அதன் வருடத்தைப் பாருங்கள்.

கணக்குப் புத்தகம் பழசானாலும் பற்று பற்றுதான், வரவு வரவுதான். சட்டப் புத்தகம் அப்படியல்ல. 1956 கம்பெனிச் சட்டம் போய் 2013 சட்டம் வந்தது. 1961 வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு, 2026 ஏப்ரல் 1-ஐ அமலாகும் நாளாகக் கொண்டு 536 பிரிவுகளோடு 2025-ஆம் வருடச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிவு எண்களெல்லாம் மாறின. ஆகவே, சீனியர்களே, புத்தகம் கொடுங்கள். கூடவே எது மாறியது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பழைய புத்தகம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. என் சிவப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் அவன் பென்சிலில் போட்ட கோடுகளும் இருக்கின்றன. இந்த மலர் அவன் கைக்கும் போகும் என்று நினைக்கிறேன். தம்பி, அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்: தப்பு உன் ராசியில் இல்லை, என்னிடம்தான்.