பள்ளிவாசல் படியில் விரியும் துண்டு: மருத்துவச் செலவு யார் பொறுப்பு?



ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலையும் வேளையில், பள்ளிவாசல் படியருகே இருவர் ஒரு துண்டை விரித்துப் பிடித்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். சற்று முன்னர்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்திருக்கும்: நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரருக்கு இருதய அறுவைச் சிகிச்சை, இத்தனை இலட்சம் தேவைப்படுகிறது, இயன்றதைக் கொடுத்து உதவுங்கள். சோழவரம், செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இக்காட்சி புதிதன்று. கொடுப்பவருக்கு அல்லாஹ்விடம் நற்கூலி உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு மனிதரின் உயிர், அந்த வெள்ளிக்கிழமை எத்தனை பேர் தொழ வந்தார்கள், அவர்களின் சட்டைப்பையில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து அமையலாமா என்ற கேள்வியும் நெஞ்சை அறுக்கிறது.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. அரசே வரிப்பணத்தில் அனைவருக்கும் இலவச மருத்துவம் அளிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் தனியார் நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றுள் எதன் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யுமுன், நாம் கடந்துவந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம்.

நம் மார்க்க வரலாற்றில் நோயாளியைப் பேணுதல் தொடக்கம் முதலே சமூகத்தின் பொறுப்பாக இருந்தது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அங்கே காயமுற்றோரைக் கவனித்தவர் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) என்னும் பெண்மணி. பிற்காலத்தில் இப்பண்பு வக்ஃபு என்னும் நிலையான ஏற்பாட்டோடு இணைந்தது. 12ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸன்கீ ஒரு பீமாரிஸ்தானை, அதாவது மருத்துவமனையை, நிறுவினார். பின்னாளில் எகிப்தின் சுல்தானான கலாவூன், இளமையில் அங்குச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்ததாகவும், ஆட்சிக்கு வந்தால் இதுபோன்றதொன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1284இல் கெய்ரோவில் அவர் எழுப்பிய மருத்துவமனை ஆண், பெண், செல்வர், ஏழை என்ற வேறுபாடின்றி அனைவரையும் ஏற்றது. வக்ஃபு செய்யப்பட்ட சொத்துகளின் வருவாய் அதன் செலவைத் தாங்கியது. நோயாளி வந்தபின் பணம் திரட்டும் நிலை அங்கு இல்லை. நோய் வருமுன்பே படுக்கையும் மருத்துவரும் மருந்தும் ஆயத்தமாக இருந்தன. வக்ஃபுக்கும் நம் வாசலில் விரியும் துண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் பகுதியினர் பெருநோய் என்றால் ஓடிச்செல்லும் ஸ்டான்லி மருத்துவமனையின் கதையும் தர்மத்தில்தான் தொடங்குகிறது. 1780களின் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அது. இன்றும் முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். கஞ்சித்தொட்டியாக இருந்தது பிறகு அரசு மருத்துவமனையாயிற்று. 1938இல் அங்கு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. இரக்கத்தால் கொடுக்கப்பட்டது, காலப்போக்கில் குடிமக்கள் உரிமையோடு கேட்டுப் பெறுவதாக மாறியது.

1943இல் ஆங்கில அரசு அமைத்த சர் ஜோசப் போர் குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பணம் செலுத்த இயலாமை காரணமாக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படை. இன்று நாம் காணும் ஆரம்ப சுகாதார நிலையம் அக்குழுவின் சிந்தனையில் பிறந்தது. 1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டன் வரிப்பணத்தில் இயங்கும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. நம் அண்டை நாடான இலங்கை 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கியது. புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவோ அத்தனை பெரிய செலவை ஏற்கத் துணியவில்லை. 1948இல் அது இயற்றியது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். நாம் இ.எஸ்.ஐ. என்றழைக்கும் அத்திட்டம் 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது.

இ.எஸ்.ஐ. ஓர் அழகான ஏற்பாடு. தொழிலாளி தன் ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். குறைந்த ஊதியம் பெறுபவர் குறைவாகச் செலுத்துகிறார். ஆனால் நோயுற்றால் தேவையான அளவு சிகிச்சை பெறுகிறார், அவர் குடும்பமும் பெறுகிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறதா, வயது என்ன என்று பார்த்துப் பங்குத்தொகையைக் கூட்டுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் நெடுஞ்சாலையோரக் கிடங்குகளிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இதுவே முதல் அரண். எனினும் பெயர் பதிவாகாத தொழிலாளிக்கு இந்த அரண் இல்லை. ஒப்பந்ததாரர் பங்குத்தொகை செலுத்தாவிட்டால் ஆலையின் முதன்மை முதலாளியே அதைச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்று சட்டம் கூறுகிறது. இதை அறிந்த ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்?

தனியார் காப்பீட்டின் வரலாறு இதைவிடப் பிந்தியது. பொதுக் காப்பீட்டுத் தொழில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுடைமையாயிற்று. அரசு நிறுவனங்கள் 1986இல் மெடிக்ளெய்ம் என்னும் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. அதன்பின் முகவர்கள் நம் தெருக்களுக்கும் வந்தனர்.

தனியார் காப்பீட்டை ஆதரிப்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரசு மருத்துவமனையில் கூட்டம் மிகுதி, காத்திருப்பு நீளம். விரும்பிய மருத்துவரிடம் உடனே செல்லக் காப்பீட்டு அட்டை உதவுகிறது என்கின்றனர். அது பொய்யன்று. ஆனால் அதன் கணக்கு வேறு. வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஓராண்டு தவணை கட்டத் தவறினால் பாதுகாப்பு முடிந்துபோகும். மிகுந்த தேவையுள்ள முதியவருக்கே அது மிகுந்த விலையாகிறது.

மார்க்கக் கோணத்திலும் நாம் கவனிக்க வேண்டியது உண்டு. நிலையான பிரீமியத்தில் நடக்கும் வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை கலந்திருப்பதால் அது ஆகாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1985இல் ஜித்தாவில் முடிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே மலேசியா தகாஃபுல் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. நிர்ப்பந்தச் சூழலில் என்ன செய்வது என்பதை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

இவ்விரு வழிகளையும் இணைக்க முயன்றது தமிழ்நாடு. 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக வழங்கியது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் அது மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி ஏற்பட்டது. இதில் பிரீமியத்தை அரசு செலுத்துகிறது. சிகிச்சையை அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் அளிக்கின்றன. ஆயின் இது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே. மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமுமே துணை.

அப்படியாயின் பள்ளிவாசல் படியில் துண்டு ஏன் இன்னும் விரிகிறது? மாதம் 23,000 ரூபாய் ஈட்டும் ஒரு லாரி ஓட்டுநரையோ ஆலை மேற்பார்வையாளரையோ எண்ணிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பு 21,000 ரூபாய். அதை அவர் தாண்டிவிட்டார். முதலமைச்சர் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதையும் தாண்டிவிட்டார். வாடகை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், பெற்றோரின் மருந்து போகத் தனியார் பிரீமியம் கட்ட அவரிடம் மிச்சமில்லை. ஏழை என்று சொல்லவும் நாணுகிறார், செல்வரும் அல்லர். துண்டு பெரும்பாலும் இவருக்காகவே விரிகிறது. இவரிடம் வருமானம் கேட்காமல் கதவைத் திறந்து வைத்திருப்பது ஸ்டான்லியின் பொது வார்டு ஒன்றே.

இங்கேதான் நம் கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். சோழவரம் ஏரியின் நீர் சென்னை மாநகருக்கே குடிநீராகச் செல்கிறது. அந்த ஏரிக்கரையில் வாழும் நம் வீடுகளிலோ கேன் தண்ணீர் வந்து இறங்குகிறது. கேன் வாங்க முடிந்தவர் குழாயைப் பற்றி முறையிடுவதை நிறுத்திவிட்டார். முடியாதவரின் முறையீடு எவர் காதிலும் ஏறுவதில்லை. மருத்துவத்திலும் இதுவே நிகழ்கிறது. காப்பீட்டு அட்டை எடுத்தவர் அரசு மருத்துவமனையை மறந்துவிடுகிறார். தனியார் காப்பீடு எடுப்பதை நாம் குறை கூறவில்லை. இயன்றவர் தம் குடும்பத்தைக் காத்துக்கொள்ளட்டும். ஆனால் அத்துடன் பொது மருத்துவமனையின் மீதான தம் உரிமையையும் கடமையையும் கைவிட்டுவிட வேண்டாம். அட்டை எதுவாயினும், படுக்கையும் மருத்துவரும் இருந்தால்தானே அது பயன்படும்? இந்திய மக்களின் மொத்த மருத்துவச் செலவில் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்கிறது மத்திய அரசின் கணக்கு. பொதுச் செலவு உயர்ந்தால் சுமை குறையும் என்பதற்கு இது சான்று. எனினும் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் மக்களின் பையிலிருந்தே போகிறது.

ஜமாஅத்துகள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. முதலமைச்சர் திட்டத்திற்குத் தகுதியான குடும்பங்களைக் கணக்கெடுத்து, குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் பெற்றுப் பதிவு செய்ய உதவலாம். ஆலைகளில் பணிபுரியும் இளைஞர்களின் பெயர் இ.எஸ்.ஐ.யில் உள்ளதா என்று கேட்கலாம். வடமாநிலத்திலிருந்து வந்து நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்கும் சகோதரர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். கிராம சபைக் கூட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரும் மருந்தும் உண்டா என்பதை மாற்று மதச் சகோதரர்களோடு சேர்ந்து கேட்கலாம். பைத்துல்மாலில் மருத்துவத்திற்கென ஒரு நிரந்தர நிதியை, நோய் வருமுன்பே, சிறிதாயினும் தொடங்கலாம். கலாவூனின் வக்ஃபு காட்டிய வழி அதுவன்றோ?

அடுத்த ஜும்ஆவில் துண்டு விரிந்தால் தயங்காமல் கொடுப்போம். வீடு திரும்பும் வழியில், அந்தச் சகோதரர் ஏன் அதுவரை வர நேர்ந்தது என்பதையும் நிர்வாகிகளிடம் கேட்போம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் சமூகமாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.