அடிமை, கூலி: சட்டம் மாறிய பின்னும் நின்ற கடன்

அடிமை ஒழிப்பு என்றவுடன் மாணவர் நினைவுக்கு வருவது அமெரிக்க உள்நாட்டுப் போர். 1860இல் அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். புதிய நிலப்பகுதிகளுக்கு அம்முறை பரவலாகாது என்ற லிங்கன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தென்மாநிலங்கள் பிரியத் தொடங்கின. 1861 முதல் 1865 வரை நடந்த போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆயினும் விடுதலை பெற்றோர் பலர் நிலமின்றி வாரச் சாகுபடிக் கடனில் வீழ்ந்தனர்.

தமிழகத்தில் இதற்கெனப் போர் மூளவில்லை. ஆதலால் நம்மிடையே அடிமைமுறையே இருந்ததில்லை என்று கருதுவோர் உளர். அது பிழை. சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள இறைவன் ஆளோலை காட்டிய வரலாற்றைப் பெரியபுராணம் உரைக்கிறது. அத்தகைய ஓலை இன்னதென்று கேட்போர் அறிந்திருந்தனர். பிற்காலத்தில் தஞ்சை முதலிய நெல்விளை நாடுகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலைமுறை தலைமுறையாக வயலோடு பிணைக்கப்பட்டனர், விற்கப்பட்டனர், அடகும் வைக்கப்பட்டனர்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு விலக்களித்தது. இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின்மீது உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. அடிமை வாணிகத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 1860இன் தண்டனைச் சட்டம். இவை எவையும் விடுபட்டோர்க்கு நிலம் தரவில்லை. கடன் அவர்களைப் பழைய வயலிலேயே கட்டிவைத்தது.

சிங்கப்பூரில் 1823இலேயே ராஃபிள்ஸ் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தார். எனினும் கப்பல் கட்டணக் கடனுக்கு ஈடாக உழைப்பதை அவர்தம் விதிகள் ஒரு வரம்புக்குள் அனுமதித்தன. பின்னாளில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரின் ஒப்பந்தத்திலும் அக்கடனே அடிப்படை. ஒப்பந்தத்தை மீறி ஓடியவருக்குச் சிறைத்தண்டனை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் அடிமைகள் அல்லர், அவர்கள் விற்கப்படவில்லை, காலத்துக்கு எல்லை இருந்தது. இவ்வேறுபாட்டை மறைத்தலாகாது. ஆனால் அக்காலம் முடியும்வரை அவர்கள் விரும்பியபடி வெளியேற இயலவில்லை. மலாயாவுக்கான ஒப்பந்த ஆளெடுப்பு 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆளெடுப்பு 1938 வரை நீடித்தது.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்வரலாறு ஒரு சொல்லில் புலப்படுகிறது. திருக்குறளில் ‘கூலி’ என்பது முயற்சியின் பயன். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று, பின்னர் வசைச்சொல்லாயிற்று. அச்சொல் சுட்டிய மனிதருக்குத் தனிப்பெயர் இருந்ததையே பிறர் மறந்தனர்.

இன்று வீடமைப்புப் பேட்டைகள் நிற்கும் செங்காங்கில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்குப் பயிலும் மாணவர்க்கு அடிமைமுறை எவ்வாண்டில் ஒழிந்தது என்பதைக் கற்பித்தல் எளிது. விடுபட்ட அன்று அவர்தம் கையில் என்ன இருந்தது என்னும் வினாவையும் ஆசிரியர் எழுப்புதல் வேண்டும்.