ஃபிஷ் ஃபைண்டரும் மீன் கடியும்

ஃபிஷ் ஃபைண்டர் என்பது படகின் அடியில் பொருத்திய உணரியிலிருந்து நீருக்குள் ஒலித் துடிப்புகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் அடித்தரையையும் இடையில் நீந்தும் மீனையும் திரையில் காட்டும் கருவி. அது ஓடிக்கொண்டிருந்தால் மீன் இரை எடுக்காது, கடி நின்றுவிடும் என்ற நம்பிக்கை தூண்டில்காரர்களிடையே, குறிப்பாக அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடையே, நெடுங்காலமாக இருந்துவருகிறது. கரையோரத்து ஆழமற்ற நீருக்குள் படகு நுழையும்போதே கருவியை அணைத்துவிடும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். மீனின் செவி எதைக் கேட்கும் என்று பார்த்தால், பெரும்பாலான மீன்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை நிற்காது. ஒரே ஒரு மீன் கூட்டத்துக்கு மட்டும் விலக்கு தர வேண்டியிருக்கிறது.

கருவி எழுப்பும் ஒலி

எதிரொலியால் மீனைக் கண்டறியலாம் என்பதை ஜப்பானில் கிமுரா என்பவர் 1929-இல் குளத்து மீன்களை வைத்துக் காட்டினார். நார்வேயின் ஓஸ்கர் சுண்ட், லொஃபோட்டன் கடலில் திரண்ட காட் மீன்களின் எதிரொலிப் பதிவை 1935-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். 1948-இல் நாகசாகியின் ஃபுருனோ சகோதரர்கள் தொழில்முறை மீனவர்களுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களின் கைக்கு அது வந்தது 1950-களின் இறுதியில், அமெரிக்காவின் லோரன்ஸ் நிறுவனம் விற்ற பச்சை நிறப் பெட்டியின் வழியாக.

இன்றைய சிறு படகுக் கருவிகள் பெரும்பாலும் 50, 83, 200 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்களில் இயங்குகின்றன. அடித்தரையைப் படம்போலக் காட்டும் வகைகள் 455, 800 கிலோஹெர்ட்ஸ் என்று மேலே போகின்றன. 1,200-ஐத் தொடுபவையும் உண்டு. மனிதச் செவியின் மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான்; அதற்கு மேற்பட்டதை மீயொலி என்பார்கள். ‘சர்ப்’ என்று விளம்பரப்படுத்தப்படும் வகை ஒரே அலைவெண்ணில் நிற்காமல் ஒரு பட்டை முழுவதையும் கீழிருந்து மேலாக வருடுகிறது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

ஒலி எல்லாத் திசையிலும் சம வலிமையோடு பரவுவதில்லை. 200 கிலோஹெர்ட்ஸில் 20 பாகை கோணமுள்ள ஒரு சாதாரண உணரியை எடுத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அதன் கூம்பு சுமார் மூன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத்தான் தொடும். 2 மீட்டர் ஆழத்தில் அந்த வட்டம் 70 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆழமற்ற நீரில் தூண்டில்காரர் பொய்யிரையை எறிவதோ படகிலிருந்து பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி. கூம்புக்கு வெளியே கொஞ்சம் ஒலி கசியத்தான் செய்யும் என்றாலும் அது பல மடங்கு வலுவற்றது. ஆக, கரையோரத்தில் கருவியை அணைப்பவர் ஒலி ஏறத்தாழ எட்டாத மீனுக்காக அதை அணைக்கிறார்.

மீனின் செவி

மீனுக்கு வெளிக்காது இல்லாததால் அது செவிடு என்றே பலர் கருதிவந்த காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் தேனீக்களின் நடனத்துக்காகப் புகழ்பெற்ற கார்ல் ஃபான் ஃப்ரிஷ் அதை உடைத்தார். பார்வையற்ற ஒரு கெளுத்தி மீனுக்கு இரை கொடுக்கும்போதெல்லாம் சீழ்க்கை அடித்துப் பழக்கினார். பிறகு சீழ்க்கை கேட்ட மாத்திரத்தில் அது தன் மறைவிடத்தை விட்டு வெளியே வந்தது. 1923-இல் வெளியான அந்தக் கட்டுரை, மீனின் செவி பற்றிய ஆய்வில் ஒரு திருப்பம்.

மீனின் உட்செவியில் சுண்ணாம்பாலான செவிக்கற்கள் இருக்கின்றன. ஒலி கடக்கும்போது மீனின் உடல் நீரோடு சேர்ந்து அசைகிறது. உடலைவிட அடர்த்தி மிகுந்த செவிக்கல் சற்றுப் பின்தங்குகிறது. இந்த வேறுபாட்டைக் கல்லுக்கு அடியிலுள்ள நுண்மயிர் செல்கள் உணர்கின்றன. மெதுவான அசைவுகளுக்கு இது அருமையான ஏற்பாடு. நொடிக்கு இரண்டு லட்சம் முறை அதிரும் அலைக்கு ஈடுகொடுக்க இதனால் முடியாது. எனவே பெரும்பாலான மீன்களின் கேட்கும் எல்லை ஒரு கிலோஹெர்ட்ஸை ஒட்டியே முடிந்துவிடுகிறது. மஞ்சள்துடுப்புச் சூரை 50 ஹெர்ட்ஸ் முதல் சுமார் 1,100 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. நீந்துபை இல்லாத சுறாவும் தட்டைமீன்களும் தாழ்ந்த ஒலிகளோடு நின்றுவிடுகின்றன. உடலின் பக்கக்கோடு உணர்வதும் நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் அளவிலான நீரசைவுகளைத்தான்.

கெண்டையும் கெளுத்தியும் இந்த வகையில் கூர்மையானவை. அவற்றின் நீந்துபையை உட்செவியோடு இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி ஒன்று உண்டு. அதை 1820-இல் விவரித்த எர்ன்ஸ்ட் வெபரின் பெயரால் அழைக்கிறார்கள். இதனால் அவற்றின் எல்லை மூன்று, நான்கு கிலோஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. அப்படி இருந்தும் மிகத் தாழ்ந்த 50 கிலோஹெர்ட்ஸ் கருவியே அவற்றின் செவிக்குப் பத்து மடங்கு மேலே இருக்கிறது.

காட் மீனைச் சுற்றி மட்டும் ஒரு விவாதம் நடந்தது. மிக வலுவான 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைக் காட் உணர்கிறது என்று 1993-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2008-இல் அதைவிடப் பலமான மீயொலியைப் பாய்ச்சிப் பார்த்தவர்கள், காட்டின் இதயத் துடிப்பிலோ நடத்தையிலோ மாற்றம் எதையும் காணவில்லை.

விலக்கு: ஷாட் மீன்கள்

சொன்ன விதியை உடைப்பவை, வட அமெரிக்க ஆறுகளிலும் கடலோரத்திலும் வாழும் ஷாட், ஏல்வைஃப், புளூபேக் ஹெரிங், மென்ஹேடன் போன்ற ஒரே கூட்டத்து உறவினர்கள். அமெரிக்க ஷாட் 180 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணர்கிறது என்று மான், லூ, பாப்பர் ஆகிய மூவரும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இந்தக் கூட்டத்தின் உட்செவியில் தனித்தன்மையான ஒரு பகுதியும் அதை ஒட்டி வாயு நிறைந்த குமிழும் இருக்கின்றன. மீயொலி மெல்லியதாக இருந்தால் ஷாட் மெல்லத் திரும்பிப்போகும். வலுத்தால் ஒலி வரும் திசைக்கு எதிராக விரைந்தோடும். மேலும் வலுத்தால் கூட்டமே தாறுமாறாகச் சிதறும். எதிரொலியால் வேட்டையாடும் ஓங்கில்களிடமிருந்து தப்பவே இத்திறன் உருவாயிற்று என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஷாட்டின் நெருங்கிய உறவென்று தோன்றும் நெத்திலி, சாளை வகைகள் இப்படி இல்லை என்பதுதான் இதில் வியப்பு. அவற்றில் சிலவற்றைச் சோதித்தபோது எல்லை சுமார் நான்கு கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. கூட்டமாகத் திரியும் வெள்ளி மீன்கள் எல்லாம் மீயொலி கேட்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஷாட்டின் இந்த அச்சத்தைப் பொறியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒன்டாரியோ ஏரிக்கரையிலுள்ள ஃபிட்ஸ்பாட்ரிக் அணுமின் நிலையத்தில், குளிர்நீர் உறிஞ்சும் வாய்க்குள் ஏல்வைஃப் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் சிக்கிச் செத்தன. 122 முதல் 128 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பரப்பியதும் வரத்து வெகுவாகக் குறைந்தது. ஒலி மீனை விரட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. விரட்டப்பட்டது எந்த மீன் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தூண்டில்காரருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. அமெரிக்க நீர்த்தேக்கங்களில் வரிப்பாஸ் பிடிப்பவர்கள் புளூபேக் ஹெரிங்கையோ ஏல்வைஃபையோ உயிரோடு முள்ளில் கோத்து ஆழத்தில் தொங்கவிடுவார்கள். பாஸுக்குக் கருவியின் ஒலி கேட்காது. முள்ளில் இருக்கும் இரைமீனுக்குக் கேட்கலாம். 50, 83 கிலோஹெர்ட்ஸ் இரண்டுமே ஷாட் கூட்டத்தின் செவிக்குள் வருபவை. 200 கிலோஹெர்ட்ஸ் அந்த எல்லையைத் தாண்டியது. ஆனால் 150-இல் தொடங்கி மேலே வருடும் சர்ப் பட்டை மீண்டும் உள்ளே வந்துவிடும். இரைமீன் துள்ளித் தவிப்பது பாஸை ஈர்க்கவும் செய்யலாம் என்பதால், இதைக் கெடுதல் என்றுகூட ஒரேயடியாகச் சொல்வதற்கில்லை.

‘டிக் டிக்’ சத்தம்

நம்பிக்கைக்கு ஆதரவாகப் பலரும் சொல்வது இது: உணரியைக் காதருகே வைத்தால் ‘டிக் டிக்’ என்று கேட்கிறதே, மனிதனுக்கே கேட்பது மீனுக்குக் கேட்காதா? கேள்வி நியாயமானது. காதில் விழுவது 200 கிலோஹெர்ட்ஸ் அலை அல்ல. நொடிக்குப் பல முறை துடிப்பு தொடங்கி நிற்கும்போது உணரியின் பீங்கான் தகடும் உறையும் வெட்டி அதிர்வதால் எழும் சத்தம். எந்தத் துடிப்பும் திடீரெனத் தொடங்கி முடிந்தால் அதன் ஆற்றலில் ஒரு பங்கு வேறு அலைவெண்களுக்குச் சிந்தும். விற்பனையிலுள்ள 200 கிலோஹெர்ட்ஸ் கருவிகளை அளந்த 2014-ஆம் ஆண்டின் ஆய்வொன்று, 90 முதல் 130 கிலோஹெர்ட்ஸ் வரை அப்படிச் சிந்திய ஒலியைப் பதிவுசெய்தது. அது கடற்பாலூட்டிகளின் செவிக்குள் வருவது. ஓங்கில் 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். கப்பலின் எதிரொலிக் கருவி இயங்கும்போது அலகுத் திமிங்கிலங்களின் குரல் பதிவாவது குறைகிறது என்று 2017-இல் காட்டப்பட்டது. பாஸ் மீனுக்கு வேண்டியதோ ஒரு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி. உணரிக்குச் சில அடி தூரத்தில் நிற்கும் மீனுக்கு ‘டிக்’ எட்டவே எட்டாது என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. படகின் தளத்தில் ஒருவர் ஈயக்குண்டைத் தவறவிட்டால் எழும் சத்தத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

படகின் பங்கு

கருவியின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி படகுக்கு உரியது. அவுட்போர்டு இன்ஜின், முன்புற மின்மோட்டார், அலை மோதும் அடிப்பாகம், இழுபடும் நங்கூரச் சங்கிலி, இறங்கி ஏறும் காலடி எல்லாமே மீன் நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகள். சீராக ஓடும் சத்தத்துக்கு மீன் பழகிக்கொள்வதும், சத்தம் சட்டென மாறும்போது விலகுவதும் பலமுறை பார்க்கப்பட்டவை. படகை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதற்காகத் தானாக ஓடி நின்று ஓடும் மின்மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபிஷ் ஃபைண்டரை அணைத்துவிட்டு அதை ஓடவிடுபவர்கள் உண்டு.

சத்தத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நார்வே ஆய்வாளர்கள் சத்தம் குறைக்கப்பட்ட புதிய ஆய்வுக்கப்பல் ஜி. ஓ. சார்ஸையும் வழக்கமான பழைய கப்பல் ஒன்றையும் ஹெரிங் கூட்டத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, மீன்கள் அதிகம் விலகியது அமைதியான கப்பலைக் கண்டுதான். மீனின் அச்சத்தில் ஒலியின் அளவைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. நிழலும் நீரின் தள்ளலும் அவற்றில் சேரலாம்.

அனுபவம் ஏன் வேறு கதை சொல்கிறது

அணைத்தேன், உடனே கடித்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கடி இல்லாத நேரத்தில்தான் மனிதர் திரையைப் பார்க்கிறார், பட்டனைத் திருகுகிறார், கடைசியில் அணைக்கிறார். மீன் அடுத்தடுத்து ஏறும்போது கருவி ஓடுகிறதா என்று யாருக்கும் நினைவிருக்காது. இதனால் கருவி ஓடிய நேரமெல்லாம் மந்தமான நேரமாக மனதில் பதிகிறது. இன்னொன்று, பழைய நாட்களில் கடி இல்லையென்றால் அங்கே மீனே இல்லை என்று எண்ணி நகர்ந்தார்கள். இப்போது திரையில் மீன் தெரிகிறது, கடிக்கவில்லை. வயிறு நிறைந்தோ குளிர்ந்த நீரில் மந்தமாகவோ அது அங்கே எப்போதும் அப்படித்தான் நின்றிருக்கும். கருவி வந்ததால் கண்ணில் பட்டுவிட்டது.

இதைச் சோதிக்க நல்ல இடம் மினசோட்டா மாநிலத்தின் உறைந்த ஏரிகள். பனிக்கட்டியில் துளையிட்டு அமரும் தூண்டில்காரரின் அருகே இன்ஜின் இல்லை, அலை இல்லை. துளைக்குள் உணரி தொங்குகிறது. அதே துளையில், அதே கூம்புக்குள், பொய்யிரையும் தொங்குகிறது. வட்டமான ஒளித்திரையில் பொய்யிரை ஒரு கோடாக நிற்கும். தூரத்தில் வாலாய் மீன் ஒன்று கூம்பின் ஓரத்தைத் தொட்டதும் அடித்தரைக்குச் சற்று மேலே மெல்லிய பச்சைக் கோடு தோன்றும். அது நெருங்க நெருங்க ஆரஞ்சாகி, நடுவுக்கு வந்ததும் சிவப்பாகத் தடிக்கும். தூண்டில்காரர் இரையை ஓரடி உயர்த்துவார். சிவப்புக் கோடும் பின்னாலேயே ஏறும். இரண்டு கோடுகளும் ஒட்டிய மறுநொடி தூண்டில் கோல் வளையும், அல்லது மீன் முகர்ந்துவிட்டு இறங்கிப்போகும். துடிப்புகள் மிகுந்து பாயும் கூம்பின் நடுவுக்கே மீன் தானாக வந்து இரை எடுப்பதை அந்த மக்கள் குளிர்காலந்தோறும் பார்க்கிறார்கள். ஒலி விரட்டுமென்றால் இந்த முறையில் ஒரு மீனும் கிடைக்கக் கூடாது.

முன்னோக்கும் சோனார்

கார்மின் நிறுவனம் 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லைவ்ஸ்கோப், இந்தப் பழைய சந்தேகத்துக்குப் புது உயிர் கொடுத்தது. கீழே பார்க்காமல் படகுக்கு முன்னால் ஒலியைச் செலுத்தி, மீன் நகர்வதை அந்தந்தக் கணத்திலேயே காட்டும் வகை இது. ஒலிக்கற்றை தன்மேல் பட்டதும் மீன் நழுவி ஆழத்துக்குப் போகிறது என்று கிராப்பி மீன் பிடிப்பவர்கள் சொல்கிறார்கள். கற்றை மீன்மேல் படும் அதே வேளையில் படகு அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, உணரியைத் திருப்ப மின்மோட்டார் சுழல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இக்கருவி இயங்குவது 530 முதல் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை. ஷாட்டுக்கே எட்டாத உயரம் அது. மிகுதியாகக் குறைசொல்லப்படும் இந்தக் கருவிதான், செவியை வைத்துப் பார்த்தால், சந்தேகத்துக்கு மிகக் குறைவாக இடம் தருகிறது.

போட்டிகளை நடத்துபவர்களும் இதை மீனை விரட்டும் பொருளாகப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் நேஷனல் புரொஃபஷனல் ஃபிஷிங் லீக் 2024-இல் முன்னோக்கும் சோனாரைத் தடைசெய்தது. 2025 பருவத்தில் மேஜர் லீக் ஃபிஷிங்கின் பாஸ் புரோ டூர், நாளின் மூன்று கட்டங்களில் ஒன்றில் மட்டும் அதை அனுமதித்தது. ‘பாஸ்’ (B.A.S.S.) என்ற அமைப்பின் எலைட் போட்டிகளில் அதே ஆண்டு படகுக்கு அத்தகைய ஓர் உணரி மட்டுமே என்று வரம்பு வந்தது. இந்த விதிகளெல்லாம் வந்ததற்குக் காரணம், அதை வைத்திருப்பவர் மற்றவர்களைவிட மிக எளிதாக மீன் பிடித்துவிடுகிறார் என்ற முறையீடுதான்.