சாயம் போகுமா?

துணிக்கடையில் நம்ம வீட்டுப் பெண்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "சாயம் போகுமா?" கடைக்காரரும் சளைக்காமல், "போகவே போகாதும்மா, கேரண்டி!" என்பார். அந்த கேரண்டிதான் ஆறுகளுக்கு எமனாக வந்து சேர்ந்தது.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயசுப் பையன், மலேரியாவுக்கு க்வினைன் தயாரிக்கப் போய் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். 1858-ல் பீட்டர் க்ரீஸ் 'அஸோ' சாயங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெயில், சோப்பு, வியர்வை எதற்கும் மசியாத செயற்கைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. துணியில் ஒட்டாமல் கழிவுநீரோடு போகும் மிச்சச் சாயத்துக்கும் அதே பிடிவாதம். சாதாரண சுத்திகரிப்புத் தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக்களிடம் அதன் பாச்சா பலிக்காது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பெரும்பாலும் தோற்பது பாக்டீரியாதான்!

ஜெயிக்கக்கூடிய ஆள் காட்டில் இருந்தார். 1883-ல் ஜப்பானியரான யோஷிதா, லாக்கர் மரத்தின் பால் காற்றில் இறுகுவது ஏன் என்று ஆராய்ந்தார். உள்ளே ஒரு என்ஸைம் வேலை பார்த்தது. பிற்பாடு அதற்கு 'லாக்கேஸ்' என்று பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் கேப்ரியல் பெர்ட்ராண்ட், அதே சரக்கு காளான்களிலும் இருப்பதைக் கண்டார்.

காளானுக்கு எதற்கு இது? மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை உடைக்கத்தான். லிக்னின் ஒரே ஒழுங்கில் அமையாத பொருள். ஒரு பூட்டு, ஒரு சாவி என்கிற கணக்கு அங்கே செல்லாது. அதனால் இந்த என்ஸைம்கள் கள்ளச்சாவி மாதிரி. பல பூட்டுகளைத் திறக்கும். சாயமும் அதில் அடக்கம்! 1983-ல் அமெரிக்காவில் க்ளென், கோல்டு இருவரும், மரம் தின்னும் வெண் அழுகல் பூஞ்சை ஒன்று சாயங்களின் நிறத்தைப் போக்குவதைப் பதிவு செய்தார்கள்.

அப்புறமென்ன, நம்ம திருப்பூருக்குக் கொண்டுவர வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பருத்தியில் சாயம் ஏற, கிலோ கிலோவாக உப்பைக் கொட்டுகிறார்கள். கழிவுநீரில் காரத்தன்மையும் அதிகம். லாக்கேஸோ லேசான புளிப்பில் சுறுசுறுப்பாக இருக்கும். உப்பு மிஞ்சினால் சோர்ந்துவிடும். நிறத்தை எடுத்தாலும் உப்பு அப்படியே நிற்கும். நொய்யல் பாசன விவசாயிக்குத் தண்ணீரின் கலர் மட்டுமா பிரச்னை? உப்புத் தண்ணீரில் பயிர் கருகுமே! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பதே நிபந்தனை.

ஆக, காளான் நல்ல கூட்டாளி. ஆனால் தனி ஆளாக ஆற்றைக் காப்பாற்றாது. அடுத்த முறை கடையில் இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: "துணியில் ஒட்டாத சாயம் எங்கே போச்சு?"