தளவண்டிமேல் டாங்கி: ஓர் ஒப்பளவு உருமாதிரியின் இலக்கணம்

1. வரையறை

ரயில் தளவண்டியில் ஏற்றிய டாங்கியின் உருமாதிரியை, டாங்கி மாதிரி ஒன்றும் வண்டி மாதிரி ஒன்றும் ஒட்டிய இரட்டை என்று கொள்வது தவறு. இங்கே நாம் உருவாக்குவது இரண்டுக்கும் இடையிலுள்ள உறவை. அதை ‘ஏற்றுநிலை’ என்று குறிப்போம். டாங்கி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஏற்றுநிலை பொய்த்தால் மாதிரி முழுவதும் பொய்த்துவிடும்.

நான்கு சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். உண்மைப் பொருளின் எல்லா நீளங்களையும் வகுக்கும் ஒரே எண் ஒப்பளவு. இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம் பாதையகலம். ஓடும் வண்டி நடைமேடையிலும் பாலத்திலும் இடிபடாமல் செல்வதற்காக விதித்த குறுக்களவு இயங்கெல்லை. ஏற்றிய பொருள் தளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும் அளவு புறநீட்சி.

2. ஆவடி தரும் சான்று

திருப்பூர் வழியே செல்லும் கோவை–சென்னை ரயில்கள் ஆவடியைக் கடந்தே சென்னை சேர்கின்றன. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. விஜயந்தா, டி-72 வகையான அஜெயா, டி-90 வகையான பீஷ்மா, அர்ஜுன் ஆகிய நான்கு டாங்கிகளும் அங்கே உருவானவை. இவற்றில் மூன்றை அகல வரிசையில் வைத்துப் பார்ப்போம். விஜயந்தா ஏறத்தாழ 3.17 மீட்டர், அஜெயா பக்கக் காப்புத் தகடுகளோடு 3.59 மீட்டர், அர்ஜுன் 3.86 மீட்டர்.

இயங்கெல்லைக்கு உட்பட்டு ஓடும் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பயணப் பெட்டியின் அகலம் 3.245 மீட்டர். விஜயந்தா அதற்குள் அடங்குகிறது. அஜெயா ஒவ்வொரு பக்கமும் சுமார் 17 செ.மீ. மீறுகிறது, அர்ஜுன் 30 செ.மீ.க்கு மேல். இத்தகைய சுமையை ரயில்வேக்காரர்கள் ‘ஓ.டி.சி.’ என்பார்கள், அளவு மீறிய சரக்கு என்று பொருள். அதற்கு வழித்தட அனுமதி வேண்டும், வேகக் கட்டுப்பாடும் உண்டு.

டாங்கியை ரயிலில் ஏற்றுவதில் எடைதான் சிக்கல் என்பது பலருடைய எண்ணம். அஜெயாவைப் பொறுத்தவரை அது பொருந்தாது. அச்சுக்கு 20.32 டன் வீதம் நான்கு அச்சு வண்டியின் மொத்த எடை 81.28 டன் வரை போகலாம், டாங்கியோ 41.5 டன்தான். இடிப்பது அகலம். ஆகவே மாதிரியிலும் கண்ணுக்குத் தெரியவேண்டியது புறநீட்சியே.

3. ஒப்பளவின் வகைகள்

1:87, 1:72, 1:35 என்ற மூன்றும் புழக்கத்தில் உள்ளன. 1:35 எந்த அளவியல் மரபிலும் பிறந்ததன்று. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கியின் மாதிரிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடலை வடித்தபோது அமைந்த அளவு அது. பின்னர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

நம் அகலப்பாதை 1676 மி.மீ.; ஐரோப்பியப் பாதை 1435 மி.மீ. 1:87இல் விற்கப்படும் 16.5 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பியப் பாதைக்குரியது. அதையே இந்தியப் பாதையாகக் கொண்டால் ஒப்பளவு ஏறத்தாழ 1:102 ஆகிவிடும். மேலே நிற்கும் டாங்கி 1:87இலேயே இருக்கும். 1:35இல் ஐரோப்பியப் பாதை 41 மி.மீ., நம்முடையது 47.9 மி.மீ. ஆகவே கடையில் கிடைக்கும் ஜெர்மானியத் தளவண்டி மாதிரிப் பெட்டி (கிட்) ஆவடி டாங்கிக்கு உதவாது. ஏழு மில்லிமீட்டர்தானே என்று விடமுடியாது. குறுகிய பாதையில் நிறுத்திய அகல டாங்கி சாய்ந்து விழப்போவதுபோல் தோன்றும். ஓடும் மாதிரி வேண்டாம், காட்சி மாதிரி போதும் என்பவருக்கு நம் தேர்வு 1:35, டாங்கி அஜெயா. டி-72 வகைக்கு நல்ல பெட்டிகள் கிடைக்கின்றன. தளவண்டியைக் கையால் செய்தாக வேண்டும்.

4. பொருட்கள்

திருப்பூர் வேலம்பாளையத்தில் இருப்பவருக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. பக்கத்து அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் பித்தளைத் தகடு புழங்குகிறது. 0.3 மி.மீ. தகடு 1:35இல் 10.5 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு நிகர். வண்டியின் நெடுஞ்சட்டங்களை அதில் வெட்டி ஈயம் வைத்து இணைக்கலாம். பிளாஸ்டிக் சட்டம் நாளடைவில் தொய்யும், பித்தளை தொய்யாது.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டாங்கியைப் போர்த்தும் தார்ப்பாய்க்குப் பனியன் துணியை வெட்டிப் போடலாம் என்று தோன்றுவது திருப்பூரில் இயல்பு. 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் விட்டம் சுமார் 0.14 மி.மீ. அதை 35ஆல் பெருக்கினால் 5 மி.மீ. அதாவது, விரல் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கயிற்றால் பின்னிய தார்ப்பாயை டாங்கிமேல் போர்த்தியதாகிவிடும். போதாக்குறைக்குப் பனியன் துணி வளையப் பின்னல். இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருளும். தார்ப்பாயோ ஊடும் பாவுமாக நெய்தது. ஆகவே டிஷ்யூ தாளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து விரிப்பதே சரி.

துணியாகத் தோற்கும் அதே நூல் கயிறாக வெல்கிறது. டாங்கியைப் பிணைக்கும் 12 மி.மீ. எஃகு வடம் 1:35இல் 0.34 மி.மீ. 40-ஆம் நம்பர் நூல் இழைகள் சிலவற்றைச் சேர்த்து முறுக்கினால் ஏறக்குறைய அந்தப் பருமன் வரும். தடை ஒன்றுதான்: பிசிர். கோனிலிருந்து எடுத்த நூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழையைச் சுற்றி மெல்லிய பஞ்சு மயிர் தெரியும். எஃகு வடத்தில் மயிர் முளைக்காது. நூலைச் சுடரின் ஓரத்தில் வேகமாக இழுத்து, தேன்மெழுகில் உருவி, அதன்பின் முறுக்கவேண்டும். கருஞ்சாம்பல் நிறத்தை அதன் பிறகே ஏற்றவேண்டும்.

ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து 2 மி.மீ.க்கு உட்பட்டதை எடுத்தால் போதும். உண்மையில் பெரிய ஜல்லி 65 மி.மீ. தையல்காரரின் மார்க்கிங் சாக்கைப் பொடித்தால் புழுதி.

5. செய்முறை வரிசை

வரிசையை மாற்றலாகாது. முதலில் பாதை: கான்கிரீட் ஸ்லீப்பர் 2750 மி.மீ., மாதிரியில் 78.6. அடுத்து வண்டி. சுமை ஏறிய வண்டியின் ஸ்பிரிங்குகள் அமுங்கியிருக்கும். வெற்று வண்டியின் உயரத்தில் செய்தால் டாங்கி கனமற்ற பொம்மையாகிவிடும். மூன்றாவது டாங்கி. குழல் அசையாதபடி நிறுத்தப்பட்டிருக்கவேண்டும். நான்காவது பிணைப்பு: சங்கிலிப் பட்டைகளின் முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்புகள், பிறகு நான்கு மூலைகளிலிருந்தும் இழுவிறைப்பாக வடங்கள். தொய்ந்த வடம் ஒன்று இருந்தாலும் ஏற்றுநிலை கெடும். டாங்கியை மையத்தில் நிறுத்தி இரு பக்கப் புறநீட்சியையும் அளந்து சமன் பார்த்தபின்பே ஆப்பை ஒட்டவேண்டும்.

உண்மை அளவுகளைத் தேடுவோருக்கு ஒரு வேண்டுகோள். ராணுவச் சரக்கு ரயிலைக் கண்டால் அருகே சென்று அளப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். சென்னை ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் பழைய ரயில் வண்டிகளை அருகிலிருந்தே பார்க்கலாம்; பல ஊர்களில் விஜயந்தா நினைவுச் சின்னமாக நிற்கிறது. குறிப்பேட்டோடு அங்கே போங்கள்.